எமது தொழிற்பயிற்சி நிலையங்களும் என்.வி.கியூ. அங்கீகாரமும்: கட்டடத்திற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு வருடமும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து சில வாரங்களில் எமது ஊர்களில் பதாகைகள் தொங்கத் தொடங்கும். தையல், கணினி, ஏசி திருத்தல், வீட்டு வயரிங், கேக் தயாரிப்பு, கையடக்கத் தொலைபேசி திருத்தல். மூன்று மாதம், ஆறு மாதம். "அரச அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் வழங்கப்படும்" என்ற வரி அநேகமாக எல்லாப் பதாகையிலும் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்பதில்லை. நிலையத்தை நடத்துகிறவர்களில் பலருக்கும் அது தெளிவாகத் தெரிவதில்லை.

நான் சில வருடங்களாகக் கிழக்கிலும் புத்தளம் பக்கத்திலும் உள்ள சிறிய பயிற்சி நிலையங்களுக்குப் பாடநெறி அங்கீகாரத்திற்கான கோப்புகளைத் தயாரிக்க உதவி வருகிறேன். பள்ளிவாசல் நிர்வாகங்கள், பெண்கள் சங்கங்கள், சமூக சேவை அமைப்புகள், தனியார் நிலையங்கள் என்று பலரும் ஒரே கேள்விகளோடு வருகிறார்கள். ஒருவருக்குச் சொன்னதையே மற்றவருக்கும் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் சான்றிதழ் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலையம் தானே அச்சிட்டுக் கொடுக்கும் சான்றிதழ் ஒன்று. அதைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் விழா மேடையில் கையளித்தாலும் அது நிலையத்தின் சான்றிதழ்தான். கையளித்தவரின் பதவி அதற்கு எந்தப் பெறுமதியையும் சேர்ப்பதில்லை. அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்ட நிலையம் கொடுக்கும் சான்றிதழ் இன்னொன்று. மூன்றாவதுதான் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது எல்லோரும் பேச்சில் என்.வி.கியூ. என்று சொல்வது. இது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் அதிகாரத்தின் கீழ் வழங்கப்படுவது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் இலக்கம் உண்டு. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்து எந்தத் தொழில்தருநரும் சரிபார்க்கலாம். மூன்று கடதாசிகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சில வேளை முதலாவதுதான் அதிகம் தங்க நிறத்தில் மினுங்கும். வேலைக்கான விண்ணப்பத்தில்தான் வித்தியாசம் தெரியவரும்.

அடுத்த குழப்பம் பதிவும் அங்கீகாரமும். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவானதே மேற்சொன்ன ஆணைக்குழு. தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் தேவை. பதிவு என்பது நிறுவனத்திற்கு உரியது. இந்த நிறுவனம் இருக்கிறது, சட்டபூர்வமானது, பயிற்சி நடத்துவதற்கான அடிப்படை வசதிகள் அதனிடம் உள்ளன என்பதை மட்டுமே அது சொல்கிறது. அங்கீகாரம், அலுவலகங்களில் சொல்லும் அக்ரெடிட்டேஷன், பாடநெறிக்கு உரியது. இந்த முகவரியில், இந்தத் தொழிலுக்கு, இந்த மட்டத்தில் நடத்தப்படும் பாடநெறி தேசிய நியமத்திற்கு ஏற்ப உள்ளது என்பதற்கான உறுதி அது. ஆகவே பதிவு பெற்ற ஒரு நிலையம் ஐந்து பாடநெறிகளை நடத்தலாம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கலாம். ஒன்றுக்குமே இல்லாமலும் இருக்கலாம். காத்தான்குடியில் உள்ள தலைமை நிலையத்தின் அங்கீகாரம் ஓட்டமாவடியில் திறக்கும் கிளைக்குத் தானாகப் போய்ச் சேராது.

எமது சமூகத்தில் இதற்கு இன்னொரு கிளைக் குழப்பமும் உண்டு. அரபுக் கல்லூரிகள் சில இப்போது மாணவர்களுக்குத் தொழிற்கல்வியும் கொடுக்க முன்வந்திருக்கின்றன. வரவேற்க வேண்டிய விடயம். ஆனால் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் கல்லூரி பதிவாகியிருப்பதும், பள்ளிவாசல் வக்பு சபையில் பதிவாகியிருப்பதும் வேறு விடயங்கள். அவற்றை வைத்துக்கொண்டு தொழிற்கல்விக்கான பதிவைக் கோர முடியாது. அதற்குத் தனியான விண்ணப்பமும் தனியான பரிசோதனையும் தேவை.

என்.வி.கியூ. முறைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதலாவது மட்டம் தொழிலுக்குள் நுழைவதற்கான அடிப்படைத் திறன்கள். இரண்டிலிருந்து நான்கு வரை தேசிய சான்றிதழ்கள்: இரண்டாம் மட்டத்தவர் தொடர்ச்சியான மேற்பார்வையின் கீழ் வேலை செய்வார், மூன்றாம் மட்டத்தவருக்கு ஓரளவு மேற்பார்வை போதும், நான்காம் மட்டத்தவர் தனித்து நின்று முழுமையாகத் தொழில் செய்யக்கூடியவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழு பட்டத்திற்குச் சமமானது. உயர்தரத்தில் பல்கலைக்கழக வாய்ப்புக் கிடைக்காத ஒரு பிள்ளை நான்காம் மட்டத்திலிருந்து பல்கலைக்கழகக் கல்லூரி வழியாக ஐந்து, ஆறு என்று ஏறி, தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் பட்டம் வரை போக முடியும். நிலையத்தின் சொந்தச் சான்றிதழுக்கு இந்த ஏணியில் படி இல்லை. ஒரு வருடம் நன்றாகப் படித்த பிள்ளையும், அங்கீகாரமில்லாத பாடநெறி என்ற ஒரே காரணத்தால், மறுபடி தொடக்கத்தில் நிற்க வேண்டியதாகிறது. இதில் இழப்பு நிலையத்திற்கு அல்ல, அந்தப் பிள்ளைக்கும் கட்டணம் கட்டிய வாப்பாவுக்கும்தான்.

இனித் தேர்ச்சி அடிப்படையிலான பயிற்சி என்றால் என்ன என்பதற்கு வருவோம். விண்ணப்பப் படிவத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் பலர் பாடத்திட்டத்தின் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு வருகிறார்கள்.

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் பாடநெறி என்றால் ஆறு மாதம், இத்தனை விரிவுரை, கடைசியில் ஒரு பரீட்சை, நாற்பது புள்ளிக்கு மேல் எடுத்தால் சித்தி. நாற்பது புள்ளி எடுத்த ஒருவருக்கு ஈஸ்ட் பற்றி எழுதத் தெரிந்திருக்கும். போறணையின் சூட்டைக் கணிக்கத் தெரியாமல் இருக்கும். தேர்ச்சி முறையில் தொழில் முதலில் அலகுகளாகப் பிரிக்கப்படுகிறது. மூலப்பொருட்களை நிறுத்து எடுத்தல், மா பிசைதல், புளிக்கவைத்தல், பாண் உருவமைத்தல், போறணையை இயக்குதல், சுகாதாரம் பேணுதல் என்பதுபோல. ஒவ்வொரு அலகும் மேலும் சிறு செயல்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செயலும் எந்த அளவுக்குச் செய்யப்பட்டால் சரி என்று எழுதப்பட்டிருக்கும். என்னென்ன உபகரணங்களோடு, எந்தச் சூழலில் செய்ய வேண்டும், அதற்குப் பின்னால் என்ன அறிவு இருக்க வேண்டும் என்பவையும் அதில் வரும். இந்த ஆவணத்தின் பெயர்தான் தேசிய தேர்ச்சி நியமம். அந்தந்தத் தொழில்துறையைச் சேர்ந்தவர்களோடு இருந்து இதைத் தயாரிக்கிறார்கள்.

மதிப்பீட்டிலும் புள்ளி கிடையாது. தேர்ச்சி அடைந்துள்ளார், அல்லது இன்னும் தேர்ச்சி அடையவில்லை. இரண்டே விடை. "இன்னும்" என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். சித்தியடையவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாமல், எந்த அலகு மிச்சம் என்று காட்டுகிறது. எல்லா அலகுகளையும் முடிக்க முடியாதவருக்கும் முடித்த அலகுகளுக்கான அடைவுப் பதிவு கொடுக்கப்படும். மிச்சத்தைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். திருமணம், பிள்ளைப்பேறு என்று நடுவில் பயிற்சியை விட்டுப்போகும் எமது பெண் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைத் தையல் நிலையம் நடத்தும் சகோதரிகளிடம் சொன்னபோது, அவர்களில் ஒருவருக்கும் அதற்கு முன் தெரிந்திருக்கவில்லை.

ஆக, அங்கீகாரம் தேடும் நிலையம் செய்ய வேண்டிய முதல் வேலை, தான் நடத்தப்போகும் தொழிலுக்குத் தேசிய தேர்ச்சி நியமமும் அதன் அடிப்படையிலான பாடத்திட்டமும் உள்ளதா என்று பார்த்து, அதை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பது. மிகச் சாதாரணமான அறிவுரை என்று நினைப்பீர்கள். நான் சந்தித்த நிர்வாகங்களில் பெரும்பாலானவை இதைக் கடைசியில்தான் செய்தன. அதற்கு முன்பே கட்டடம் எழும்பிவிடும், வெளிநாட்டில் உள்ள தனவந்தரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டுவிடும், இயந்திரங்கள் வாங்கப்பட்டுவிடும். பிறகு பாடத்திட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள உபகரணப் பட்டியலோடு ஒப்பிட்டால், வாங்கியவற்றில் பாதி பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவற்றில் பாதி வாங்கப்படவில்லை. ஒரே வகைத் தையல் இயந்திரம் வரிசையாக நிற்கும். ஓவர்லொக் இயந்திரம் ஒன்றுகூட இருக்காது. வெட்டும் மேசை இருக்காது, மாணவிகள் தரையில் விரித்துத் துணி வெட்டுவார்கள்.

மதிப்பீட்டுக் குழு வரும்போது என்ன பார்க்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டடத்தைப் பார்ப்பார்கள், இடவசதி, வெளிச்சம், மலசலகூடம், தீயணைப்புக் கருவி எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அவற்றால் கோப்புத் திரும்புவது குறைவு. திரும்பினாலும் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம். நான் கண்ட அளவில் கோப்புகள் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்கின்றன: கருவிகள், போதனாசிரியர், பதிவேடுகள்.

கருவிகளைப் பொறுத்தவரை எண்ணிக்கைதான் கேள்வி. பதினைந்து பேர் கொண்ட வகுப்பில் வயரிங் பலகை இரண்டு என்றால், இரண்டு பேர் செய்வார்கள், பதின்மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்த்தவர் தேர்ச்சி பெற்றவராக முடியாது என்பதே இந்த முறைமையின் அடிப்படை. நிதி குறைவு என்றால் வகுப்பைச் சிறிதாக்குங்கள். பன்னிரண்டு பேரை எடுத்து ஒழுங்காகப் பயிற்றுவிப்பது, நாற்பது பேரை எடுத்து விழா நடத்துவதைவிட மேல். விழாவுக்குக் கூட்டம் வேண்டும் என்பதற்காக வகுப்பைப் பெருப்பிக்கும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். பயிற்சிக்கு வேண்டிய நுகர்பொருளையும் கணக்கில் எடுங்கள். வெல்டிங் கம்பி, துணி, மா, வயர் எல்லாம் ஒவ்வொரு தொகுதிக்கும் மறுபடி வாங்க வேண்டியவை. நன்கொடையாளர்கள் இயந்திரம் வாங்கித் தருவார்கள், வெல்டிங் கம்பி வாங்கித் தரமாட்டார்கள். வருடாந்த வரவுசெலவில் இதற்கு ஓர் ஒதுக்கீடு இல்லாத நிலையம் இரண்டாம் வருடம் செயல்முறையைக் குறைத்து விரிவுரையைக் கூட்டிவிடும்.

போதனாசிரியர் விடயம் இதைவிடச் சிக்கல். அவருக்கு அந்தத் தொழிலில் தகைமை வேண்டும், தொழில் செய்த அனுபவம் வேண்டும், கற்பிக்கும் முறையில் பயிற்சியும் வேண்டும். எமது ஊர்களில் இருக்கும் நிலைமை வேறு. தகைமை உள்ள இளைஞருக்கு அனுபவம் இல்லை. இருபது வருட அனுபவம் உள்ள பாசுக்குக் கடதாசி இல்லை. நிர்வாகம் வழமையாக என்ன செய்கிறது என்றால், கோப்பில் தகைமை உள்ள ஒருவரின் பெயரைப் போட்டுவிட்டு, வகுப்பை வேறொருவரை வைத்து நடத்துகிறது. இது வெறும் தந்திரம் அல்ல, மாணவர்களுக்குச் செய்யும் மோசடி. கண்காணிப்பு வருகையில் அகப்பட்டால் அங்கீகாரமும் போகும். நேர்வழி ஒன்று இருக்கிறது: அந்தப் பாசுக்கே தகைமை பெற்றுக்கொடுப்பது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பதிவேடுகள் என்றதும் பலருக்குச் சலிப்பு வரும். ஆனால் அங்கீகாரத்தின் ஒரு நிபந்தனை, நிலையத்தில் தர முகாமைத்துவ முறைமை ஒன்று இயங்க வேண்டும் என்பது. பெயர் பெரிதாக இருந்தாலும் விடயம் எளிது. மாணவரைத் தெரிவுசெய்தது எப்படி, எந்த நாளில் எந்தச் செயல் பயிற்றப்பட்டது, யார் எந்த அலகை முடித்தார், முறைப்பாடு வந்தால் யார் கேட்பது, இயந்திரம் பழுதானால் யாருக்குச் சொல்வது, பயிற்சி முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பவற்றை எழுதி வைப்பதும், எழுதியபடி நடப்பதும்தான். முறைமைக் கையேட்டை வேறொரு நிலையத்திலிருந்து பிரதி எடுத்து, பெயரை மாற்றி ஒப்படைத்த கோப்பு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓரிடத்தில் பழைய நிலையத்தின் பெயர் அப்படியே இருந்தது! வந்தவர்கள் கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கையேடு பத்துப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் நிலையத்தில் உண்மையில் நடப்பதை எழுதுங்கள்.

இனி வேலைத்தலம். தேர்ச்சி அடிப்படையிலான பாடநெறிகள் பெரும்பாலும் இரண்டு கட்டம் கொண்டவை: நிலையத்தில் பயிற்சி, அதன் பின் தொழிலிடப் பயிற்சி. எமது நிலையங்கள் முதல் கட்டத்தில் எடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இரண்டாவதில் எடுப்பதில்லை. "எங்காவது ஒரு கராஜில் சேர்ந்துகொள்" என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அந்தப் பிள்ளை கோலயாவாக மாறி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தரையைக் கூட்டி, ஆறு மாதத்தைக் கழிக்கிறான். கடைசி வாரத்தில் பயிற்சி நாட்குறிப்பை ஒரே இரவில் எழுதி, முதலாளியிடம் கையொப்பம் வாங்கி வருகிறான். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஆறு மாதம்! மதிப்பீட்டாளருக்கு அதைத் திறந்தவுடனேயே தெரிந்துவிடும்.

நாட்குறிப்பு என்பது சாட்சி. இன்று பிரேக் சிலிண்டர் கழற்றினேன், முதலில் இதைச் செய்தேன், இந்த இடத்தில் தவறியது, பாஸ் இப்படித் திருத்தினார் என்று அன்றன்றே எழுதப்பட்டு, மேற்பார்வையாளர் பார்த்து ஒப்பமிட்டால், அந்தப் பிள்ளை தொழிலைச் செய்தான் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. இதற்கு நிலையம் செய்ய வேண்டியது, வேலைத்தலத்தோடு எழுத்தில் ஓர் உடன்பாடு. என்னென்ன அலகுகளை அங்கே பழகுவான், யார் அவனுக்குப் பொறுப்பு, போதனாசிரியர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்து பார்ப்பார், விபத்து நேர்ந்தால் காப்புறுதி யாருடையது, கைச்செலவுக்கு என்ன கொடுக்கப்படும். வேலைத்தலத்தில் இல்லாத அலகை நிலையத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டை எழுதும்போதுதான் தெரியவரும். மோட்டார் சைக்கிள் மட்டும் திருத்தும் கராஜுக்கு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு, வேன் என்ஜினில் அவன் மதிப்பிடப்படுவான் என்று எதிர்பார்க்க முடியாது.

கடை, கராஜ், ஹோட்டல் வைத்திருக்கும் முதலாளிமாருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. எமது சமூகத்தில் வியாபாரிகள் அதிகம். அவர்களின் கடைகளில் தொழில் பழகும் பிள்ளைகளும் அதிகம். அந்தப் பழகலை ஒரு தகைமையாக மாற்றுவதற்கு அவர்கள் தனியாக ஒரு கல்லூரி திறக்க வேண்டியதில்லை. தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்று சொல்வோமே, அது வேலைத்தலங்களிலேயே பயிலுநர்களை இணைத்துப் பயிற்சி கொடுக்கும் முறையை நடத்துகிறது. 1971 இல் இயற்றப்பட்ட பயிலுநர் சட்டத்திலிருந்து வரும் பழைய முறை அது. ஒப்பந்தம் செய்துகொண்டு, பயிற்சியைக் கண்காணித்து, முடிவில் என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு வழி செய்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பழக வந்த பிள்ளைதானே என்று பதினான்கு வயதுச் சிறுவனைக் கராஜில் வைத்திருப்பது சட்டத்திற்கு முரணானது.

"சான்றிதழ் எடுத்த பிறகு பிள்ளை எங்களை விட்டுப் போய்விடுவானே" என்று ஒரு முதலாளி என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார். போவான்தான், சிலர் போவார்கள். சான்றிதழ் இல்லாதவனும் போகிறான், பக்கத்துக் கடை ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால். பயிற்சி நன்றாக நடக்கும் கடையைத் தேடி அடுத்த பிள்ளை தானாக வருவான் என்பதுதான் என் பதில். அவர் அதை முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேலே பாசைப் பற்றிச் சொன்னேன். பயிற்சி நிலையத்தின் பக்கமே போகாமல் தொழிலைக் கற்றவர்களுக்காக என்.வி.கியூ. முறைமையில் இன்னொரு கதவு இருக்கிறது: முன்கற்றல் அங்கீகாரம், ஆர்.பி.எல். என்று சொல்வது. பல வருடங்கள் மேசனாக, தையற்காரராக, மின்னியலாளராக, சமையற்காரராக வேலை செய்த ஒருவர் விண்ணப்பித்து, தனது அனுபவத்திற்கான ஆதாரங்களைக் கோப்பாக ஒப்படைக்கலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் அவரது வேலையை நேரில் பார்த்து, வாய்மூலமும் கேள்வி கேட்டு, எந்த மட்டத்திற்கு உரியவர் என்று தீர்மானிப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை. தொழில் கையில் இருந்தால் போதும்.

இங்கும் எமது பலவீனம் கடதாசிதான். எமது கடைகளில் பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது, ஊழியர் சேமலாப நிதி கிடையாது. பதினெட்டு வருடம் ஒரே கடையில் நின்றவருக்கு அதை நிரூபிக்க ஒரு வரி எழுத்து இல்லை. முதலாளி நல்ல மனிதர். நோன்புக்கும் பெருநாளைக்கும் குறையில்லாமல் கொடுப்பார். ஆனால் சேவைக் கடிதம் கேட்டால், "அது எதற்கு?" என்பார். அந்தக் கடிதம்தான் ஒரு தொழிலாளியின் அடுத்த படி. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் வியாபாரப் பதிவு, வாடிக்கையாளர்களின் கடிதங்கள், செய்த வேலைகளின் புகைப்படங்கள், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய கடிதம் போன்றவற்றை இப்போதிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் அவசரமானது. மின்னியலாளர், குழாய் பொருத்துநர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு வருபவர்களின் திறனை, அவர்கள் புறப்படும் முன்பே அவர்களது நாட்டில் வைத்துச் சரிபார்க்கும் முறையைச் சவூதி அரேபியா அண்மைய வருடங்களில் இலங்கையிலும் தொடங்கியிருக்கிறது. வாப்பாமார் காலத்தில் தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசோடு போய், அங்கே நின்று தொழில் பழகலாம் என்ற நிலை இருந்தது. அது சுருங்கி வருகிறது.

பயிற்சி நிலையங்களுக்கு ஆர்.பி.எல். இன்னொரு வகையிலும் பயன்படும். நிலையம் திறப்பதற்கு ஒரு வருடம் முன்பே ஊரிலுள்ள நல்ல பாஸ்மார் இரண்டு மூன்று பேரைத் தெரிவு செய்து, அவர்களுக்கு இந்த வழியால் தகைமை பெற்றுக்கொடுத்து, கற்பித்தல் பயிற்சிக்கும் அனுப்பினால், கோப்பில் ஒரு பெயரும் வகுப்பில் இன்னொருவரும் என்ற நிலை வராது. அவர்களில் சிலர் பிறகு மதிப்பீட்டாளர்களாகவும் வரலாம். நான் வேலை செய்த பிரதேசங்களில் பல தொழில்களுக்குத் தமிழில் மதிப்பீடு செய்யக்கூடியவர்கள் போதாது. மதிப்பீட்டுக்குத் திகதி கிடைக்காமல் பயிற்சி முடித்த பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருப்பதும், காத்திருந்து அலுத்துப்போய் ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுவதும் நடக்கிறது. இதைப் பற்றி நாம் முறையிடலாம், முறையிடவும் வேண்டும். ஆனால் எமது ஊரிலிருந்து பத்துப் பேர் மதிப்பீட்டாளராகத் தகுதி பெற்றால் அந்தத் தாமதம் பெருமளவு குறைந்துவிடும்.

இவ்வளவு வேலை எதற்கு, எமது பிள்ளைகளுக்குத் தொழில் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அங்கீகாரம் பெற்ற நிலையங்களிலும் மோசமாகக் கற்பிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கீகாரமில்லாத ஒரு பாஸிடம் பழகியவர்களில் அற்புதமான தொழிலாளிகள் இருக்கிறார்கள். கடதாசிக்காக மட்டும் கடதாசி தேடினால் அது இன்னொரு விழாவாகத்தான் முடியும். ஆனால் சொந்தக்காரரின் கராஜை விட்டு வெளியே, அவனை யாரென்றே தெரியாத ஒருவரிடம் வேலை கேட்டுப் போகும் பிள்ளைக்கு, தன் திறமையை இரண்டு நிமிடத்தில் காட்டுவதற்கு வேறு வழி இல்லை. சிபாரிசு செய்ய ஆளில்லாத ஏழைப் பிள்ளைக்குத்தான் அந்தக் கடதாசி அதிகம் தேவைப்படுகிறது. ஸகாத் நிதியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்கள் யாருக்காக நடத்துகிறார்களோ, அந்தப் பிள்ளைகள் இவர்கள்தான்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் நிர்வாகங்களுக்கு என் ஒழுங்கு இதுதான். ஊரைச் சுற்றி எந்தத் தொழிலுக்கு வேலைத்தலங்கள் உள்ளன என்று முதலில் பாருங்கள். பத்துக் கராஜ் இருக்கும் ஊரில் வாகனத் திருத்தலைத் தொடங்கலாம், ஹோட்டலே இல்லாத ஊரில் ஹோட்டல் பயிற்சி தொடங்கினால் தொழிலிடப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள்? பிறகு நியமத்தையும் பாடத்திட்டத்தையும் எடுத்து வாசியுங்கள். போதனாசிரியரைத் தேடி ஆயத்தப்படுத்துங்கள். அதன் பிறகு பட்டியலின்படி உபகரணம் வாங்குங்கள். நிறுவனப் பதிவுக்கும் அதைத் தொடர்ந்து பாடநெறி அங்கீகாரத்திற்கும் விண்ணப்பியுங்கள். அங்கீகாரம் வரும் முன் ஒரு தொகுதியைத் தொடங்குவதாயின், அது வரும் வரை இது நிலையத்தின் சான்றிதழ் மட்டுமே என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கட்டடம் வாடகைக்கு இருக்கலாம். ஒரு தொழிலில், ஒரு மட்டத்தில், ஒரு தொகுதியை முழுமையாக மதிப்பீடு வரை கொண்டுபோய் முடித்த பிறகு இரண்டாவது பாடநெறியைப் பற்றி யோசிக்கலாம்.

பெற்றோருக்கு வேலை இன்னும் சுலபம். பதாகையைப் பார்த்து நிலையத்திற்குப் போனால், பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாடநெறிக்கான அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் தொழிலின் பெயர் சரியாக இருக்கிறதா, எந்த மட்டம் என்று போட்டிருக்கிறது, திகதி காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். போன தொகுதியில் படித்த இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, அவர்கள் கையில் என்.வி.கியூ. வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களையும் அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளையும் தேடிப் பார்க்க முடியும். வீட்டில் ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் தேடித் தரும். தேடும்போது நிலையத்தின் பெயரோடு முகவரியையும் ஒத்துப் பாருங்கள். அதே பெயரில் வேறு ஊரில் உள்ள கிளைக்குக் கிடைத்த அங்கீகாரமாகவும் அது இருக்கலாம்.